தண்டு ஓய்ந்த நாள்

நெடும்பயணத்தின் நடுவே எங்கும் செல்லாமல் தங்கிவிடும் ஒரு நாள் பயணத்தைச் சேர்ந்ததா, பயணத்திலிருந்து களவாடப்பட்டதா? சிறிய வினாவாகத் தோன்றும் இது, சற்று ஆழ்ந்து நோக்கின், உழைப்பு, நீதி, நம்பிக்கை என்னும் மூன்றையும் தொட்டு நிற்கும் அறவினாவாக விரிவதைக் காணலாம்.

கரையோரமாகப் படகில் பல நாள் தண்டு வலித்துச் செல்லும் சிறு குழு ஒன்றை மனக்கண்முன் நிறுத்துவோம். பகலில் முறை வைத்துத் தண்டு வலிக்கிறார்கள். பொழுது சாயும் வேளையில் படகை மணலில் இழுத்தேற்றி, கூடாரம் அடித்து, கிடைத்த விறகில் சோறாக்கி உண்டு உறங்குகிறார்கள். விடிந்ததும் மீண்டும் கடல். பத்து நாள் இவ்வாறு கழிகின்றன. உள்ளங்கையில் கொப்புளம் கட்டி உடைந்து, உடைந்த இடத்தில் உப்புநீர் பட்டுக் காந்துகிறது. தோள் மூட்டுகளின் வலி இரவிலும் விடுவதில்லை. பதினோராம் நாள் காலையில் கடல் குளம்போல் கிடக்கிறது. காற்றும் சாதகமாக இருக்கிறது. செல்லவேண்டிய தொலைவு இன்னும் பாதிக்குமேல் எஞ்சியுள்ளது. உணவோ அளவோடுதான் இருக்கிறது. அந்தக் காலையில் குழுத்தலைவர், "இன்று படகு இறங்காது, இங்கேயே தங்குவோம்" என்கிறார்.

அவர் செய்தது சரிதானா? நல்ல கடலை வீணாக்கினார் என்று சிலர் முணுமுணுக்கலாம். நல்ல வேளையாகச் சொன்னார் என்று சிலர் வாய்திறவாமல் நன்றி கூறலாம். இவ்விரு சாராரில் எவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதே நாம் ஆராய விரும்புவது.

காற்று தரும் ஓய்வு

கடலோடிகள் நன்கறிந்த ஓய்வு ஒன்று உண்டு. எதிர்க்காற்று எழுந்து அலை கரைமேல் ஏறி அடிக்கும்போது எவரும் எவரிடமும் இசைவு கேட்பதில்லை. படகு கரையில் கிடக்கும். மனிதரும் கரையில் இருப்பர். அது இயற்கையின் ஆணை. அதில் அறச்சிக்கல் ஏதுமில்லை. திருத்தூதர் பவுல் கைதியாக உரோமைக்குச் சென்ற கடற்பயணத்தை லூக்கா விரிவாக எழுதி வைத்துள்ளார். மால்தாவில் கப்பல் உடைந்தபின் அவர்கள் மூன்று மாதம் அத்தீவிலேயே தங்கினார்கள். குளிர்காலக் கடலில் கப்பல் செல்ல இயலாது. அவர்களைச் சோம்பேறிகள் என்று எவரும் சொல்லார்.

ஆனால் அதே பயணத்தின் தொடக்கத்தில் வேறுவகை நிறுத்தம் ஒன்றைக் காண்கிறோம். புறப்பட்ட மறுநாள் கப்பல் சீதோனை அடைந்தபோது, காவலுக்கு வந்த நூற்றுவர் தலைவர் யூலியு, பவுல் தம் நண்பர்களிடம் சென்று அவர்களுடைய கவனிப்பைப் பெறுவதற்கு இசைவளித்தார். அவர் இதைச் செய்யுமாறு காற்று கட்டாயப்படுத்தவில்லை. கைதி விண்ணப்பித்ததாகவும் திருநூல் கூறவில்லை. அதிகாரத்தில் இருந்த ஒருவர், தம் பொறுப்பில் இருந்த ஒருவரின் நிலை கண்டு, தாமாகவே ஈந்த இளைப்பாறுதல் அது. லூக்கா அதனை ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோகிறார். ஆயினும் அதில் மனிதநேயம் விளங்கிற்று என்பதைக் குறிக்க அவர் மறக்கவில்லை.

நம் வினா இந்த இரண்டாம் வகை ஓய்வைப் பற்றியது. காற்று மறிக்காதபோதும், வேலை கிடக்கும்போதும், மனிதர் தாமே தீர்மானித்து நிற்கும் நாளைப் பற்றியது.

வில்லும் நாணும்

இத்தகைய ஓய்வுக்கு வழக்கமாகக் கூறப்படும் நியாயம் ஒன்று உண்டு. புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில், பாலைவனத் தந்தையரின் உரையாடல்களிலிருந்து எடுத்து அதனை ஒரு கதையாகச் சொல்கிறார். நற்செய்தியாளர் யோவான் தம் சீடரோடு விளையாடிக் களித்திருந்ததைக் கண்டு சிலர் இடறலுற்றனராம். அவர்களுள் ஒருவர் கையில் வில் இருந்தது. யோவான் அவரை ஓர் அம்பு எய்யச் சொன்னார். அவர் பலமுறை எய்தபின், இப்படியே இடைவிடாது எய்துகொண்டிருக்க இயலுமா என்று கேட்டார். வில் ஒடிந்துவிடும் என்றார் அவர். மனித மனமும் அத்தகையதே என்று யோவான் விளக்கினாராம்.

இது உண்மையே. இன்றைய உடலியலும் இதற்குத் துணை நிற்கிறது. கடும் உழைப்பில் நைந்த தசை, ஓயும்போதுதான் தன்னைச் செப்பனிட்டு வலுப்பெறுகிறது. உறக்கம் குறைந்தவரின் கணிப்பு பிழைபடுகிறது. கடலில் பிழைபட்ட கணிப்பு உயிருக்கே உலைவைக்கும். ஆகவே பதினோராம் நாள் ஓய்ந்த குழு பன்னிரண்டாம் நாள் விரைந்து செல்லும் என்று வாதிடலாம்.

எனினும் இவ்விளக்கத்தோடு நின்றுவிடுவதில் ஓர் இடர் இருக்கிறது. நாண் தளர்த்தப்படுவது அடுத்த அம்பின் பொருட்டே. இளைப்பாறுதலும் அடுத்த நாள் வேலையின் பொருட்டே என்றாகிவிட்டால், ஓய்ந்தாலும் பழைய வலிமையைப் பெறமாட்டார் என்று கணிக்கப்படும் முதியவருக்கும் நோயாளிக்கும் ஓய்வு தரக் காரணம் எதுவும் இராது. எந்த முதலாளியும் தன் இயந்திரத்துக்கு எண்ணெய் இடுகிறான். அதை நாம் இரக்கம் என்பதில்லை. செருமானிய மெய்யியலார் யோசேப்பு பீப்பர், போரில் இடிந்த தம் நாட்டைக் கட்டியெழுப்புவதே எல்லார் பேச்சாகவும் இருந்த காலத்தில், 1948-இல், ஓய்வையும் வழிபாட்டையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஓய்வு உழைப்பின் ஏவலாள் ஆகிவிட்டால் மனிதனும் உழைப்பின் ஏவலாள் ஆகிவிடுகிறான் என்பது அந்நூலில் நாம் காணும் எச்சரிக்கை. அத்தகைய வேளையில் அதைச் சொல்லத் துணிவு வேண்டியிருந்திருக்கும்.

சிரட்டைத் தராசு

படகுப் பயணத்தில் ஓய்வு எப்படிச் சோதனையாக மாறுகிறது என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்று ஒன்று உண்டு.

1789 ஏப்ரல் 28 அன்று, பசிபிக் பெருங்கடலில் தொங்கா தீவுகளுக்கு அருகே, பவுண்டி என்னும் ஆங்கிலக் கப்பலின் மாலுமிகளுள் ஒரு பகுதியினர் கலகம் செய்தனர். கப்பல் தலைவர் வில்லியம் பிளை என்பவரையும் அவரோடு வேறு 18 பேரையும் 23 அடி நீளமுள்ள திறந்த படகு ஒன்றில் இறக்கிவிட்டனர். உணவும் நீரும் தேடி ஒதுங்கிய முதல் தீவிலேயே ஒருவர் கொல்லப்பட்டார். எஞ்சிய 18 பேரும் பாயும் துடுப்புமே துணையாக, டச்சுக்காரர் வசமிருந்த திமோர் தீவை நோக்கிப் புறப்பட்டனர்.

உணவைப் பகிர்வதில் பிளை கண்டிப்பான நீதியைக் கடைப்பிடித்தார். தேங்காய்ச் சிரட்டை இரண்டைக் கொண்டு தராசு செய்தார். துப்பாக்கிக் குண்டு ஒன்றை எடைக்கல்லாக்கினார். ஒரு பவுண்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு எடையுள்ள ரொட்டி, ஒருவருக்கு ஒருவேளை உணவு. கடற்பறவை ஏதேனும் பிடிபட்டால் அதனை 18 கூறாக வெட்டுவர். ஒருவர் முதுகைத் திருப்பி நிற்பார். மற்றொருவர் ஒவ்வொரு கூறாகத் தொட்டு, அது எவருக்கு என்று கேட்பார். திரும்பி நிற்பவர் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்வார். நல்ல கூறு எவருக்கு, எலும்பு எவருக்கு என்ற மனத்தாங்கலுக்கு அங்கே இடமில்லை.

ஏறத்தாழ நான்கு வாரம் மழையிலும் குளிரிலும் நனைந்தபடி கிடந்தபின், மே 29 அன்று ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோரத் தீவு ஒன்றில் இறங்கினர். பாறைகளில் ஒட்டியிருந்த சிப்பிகளைப் பெயர்த்துச் சமைத்து உண்டனர். கால் நீட்டிப் படுத்தனர். இங்கிலாந்தில் இரண்டாம் சார்லசு மன்னர் மீண்டும் அரியணை ஏறியதன் நினைவுநாள் அது. தாங்களும் உயிர் மீண்டதை எண்ணி, மீட்சி என்னும் பொருள்படும் பெயரைப் பிளை அத்தீவுக்கு இட்டார். அடுத்த நாள் அங்கிருந்து புறப்படும்முன் அனைவரையும் கூட்டி இறைவேண்டல் செய்தார். மே 31, ஞாயிற்றுக்கிழமை, வேறொரு சிறு தீவில் ஒதுங்கினர். அதற்கு ஞாயிறு தீவு என்றே பெயர் அமைந்தது.

சண்டை மூண்டது அந்த ஞாயிறு தீவில்தான். உணவு தேடச் சிலர், படகைக் காக்கச் சிலர் என்று பிளை வேலை பிரித்தார். மற்றவரைவிடத் தாங்களே அதிகம் உழைத்துவிட்டதாகச் சிலர் முறையிட்டனர். உணவு தேடிப் போவதைவிடப் பட்டினி கிடப்பதே மேல் என்றனர். ஒருவர், தலைவருக்குத் தாம் எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர் என்று எதிர்த்து நின்றார். பிளை ஒரு வாளைக் கையில் எடுத்து, எதிர்த்தவரையும் ஒரு வாள் எடுத்துத் தற்காத்துக்கொள்ளச் சொன்னார். அவர் பணிந்தார், சண்டை அடங்கியது. அடுத்த சில நாள்களுக்குள் மற்றொரு தீவில், எல்லாருக்குமாகப் பறவை பிடிக்கச் சென்ற ஒருவர் தனியே ஒன்பது பறவைகளைப் பச்சையாகவே தின்றுவிட்டார். இதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

சூன் 14 அன்று அவர்கள் திமோர் தீவின் கூபாங் துறையை அடைந்தனர். கடந்த தொலைவு 3,618 கடல் மைல். அந்த 18 பேரில் ஒருவர்கூடப் படகில் இறக்கவில்லை. பிளையின் கடலறிவையும் உறுதியையும் உலகம் இன்றும் மெச்சுகிறது, மெச்சுவது தகும். ஆயினும் நம் சிந்தனை ஞாயிறு தீவிலேயே தங்குகிறது. நடுக்கடலில் அடங்கிக் கிடந்த மனத்தாங்கல், கரையில் கால் பதித்தவுடன் ஏன் வெளிப்பட்டது?

ரொட்டியை எடைபோடச் சிரட்டை இருந்தது. சோர்வை எடைபோட எந்தச் சிரட்டையும் இல்லை. தம் தோளின் வலியை ஒவ்வொருவரும் உள்ளிருந்து அறிகிறார். அடுத்தவர் வலியை வெளியிலிருந்துதான் பார்க்கிறார். ஆகவே யார் அதிகம் உழைத்தார், யார் அதிகம் ஓயத் தகுதியுடையவர் என்னும் கணக்கைத் தொடங்கினால், படகில் இருக்கும் ஒவ்வொருவருடைய கணக்கிலும் அவரவர் பெயரே முதலில் நிற்கும். அந்தக் கணக்கு எக்காலத்திலும் நேராகாது. தகுதிக்கேற்ப ஓய்வு என்னும் விதி நீதியைப்போலத் தோன்றினாலும், அதனால் விளைவது வாக்குவாதமே. நம் இல்லங்களிலும் துறவு மடங்களிலும் அலுவலகங்களிலும் மூளும் பல பூசல்களின் வேரும் இதுவே அன்றோ?

கட்டளை யாருக்கு?

இந்த இடத்தில் ஓய்வுநாள் கட்டளையின் அமைப்பைக் கூர்ந்து நோக்குவது பயன்தரும். விடுதலைப் பயண நூலில் இக்கட்டளைக்குப் படைப்பு காரணமாகக் காட்டப்படுகிறது: ஆறு நாள் படைத்த இறைவன் ஏழாம் நாள் ஓய்ந்தார். இணைச் சட்ட நூலிலோ எகிப்தின் அடிமை வாழ்வு காரணமாகக் காட்டப்படுகிறது: அடிமையாய் இருந்த நீ விடுவிக்கப்பட்டாய், ஆதலால் உன் அடிமையும் உன்னைப்போல் ஓய்ந்திருக்கவேண்டும். இரு நூல்களிலும் கட்டளை வீட்டுத்தலைவரை விளித்தே பேசுகிறது. மகன், மகள், பணியாள், பணிப்பெண், மாடு, கழுதை, வாயிலுக்குள் தங்கியிருக்கும் அயலார் என்று பட்டியல் நீள்கிறது. களைத்தவர் வந்து ஓய்வு கேட்கவேண்டும் என்று இறைவன் சொல்லவில்லை. கேட்கத் தேவையற்றவாறு, கொடுக்க வல்லவரின்மீது கடமையை வைத்தார். எவர் எவ்வளவு உழைத்தார் என்று எண்ணிப் பார்க்கவும் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே நாள், ஒரே அளவு.

இதன் நுட்பம் தண்டு வலிப்போருக்கு எளிதில் விளங்கும். நான்கு தண்டுள்ள படகில் ஒருவர் மட்டும் ஓய முடியாது. அவர் தண்டை வைத்தால் மற்ற மூவருக்கும் பாரம் கூடும். படகும் ஒருபக்கம் இழுக்கும். அதனால்தான் மிகவும் களைத்தவர் வாய்திறப்பதில்லை. தம்மால் எல்லாரும் நிற்கவேண்டியதாயிற்று என்னும் நாணம் அவர் நாவைக் கட்டிவிடுகிறது. இளையவர் தம் ஆண்மைக்கு இழுக்கு என்று எண்ணுவார். கூலிக்கு வந்தவர் அடுத்த முறை தம்மை அழைக்கமாட்டார்களே என்று அஞ்சுவார். ஆகவே நிறுத்துவோம் என்னும் சொல், இன்னும் பத்துக் கல் தொலைவு தண்டு வலிக்கக் கூடியவரின் வாயிலிருந்துதான் முதலில் வரவேண்டும். அவர் சொன்னால் எவருக்கும் நாணமில்லை. எவர் பொருட்டு நின்றோம் என்னும் கேள்வியும் எழாது. வலிமை என்பது பிறருக்கு முன்னே செல்வதற்கு மட்டும் தரப்பட்டதன்று. பிறர் பொருட்டு முதலில் நிற்பதற்காகவும் தரப்பட்டது. நாம் கூற விழைவதன் சாரம் இதுவே.

நற்செய்தியிலும் இவ்வாறே நிகழ்கிறது. பணி முடித்துத் திரும்பிய திருத்தூதர்கள், செய்தவற்றையும் கற்பித்தவற்றையும் இயேசுவிடம் அறிவிக்கிறார்கள். களைத்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னதாக மாற்கு எழுதவில்லை. உண்பதற்குக்கூட நேரமின்றி மக்கள் வருவதும் போவதுமாக இருந்ததை ஆண்டவரே பார்த்தார். தனிமையான இடத்துக்குச் சென்று சற்று இளைப்பாறும்படி அவரே அழைத்தார். அவர்கள் படகேறிச் சென்றார்கள். அரசர்கள் முதல் நூலில், ஈசபேலுக்கு அஞ்சி ஓடிச் சூரைச்செடியின்கீழ் வீழ்ந்து சாவை வேண்டிய எலியாவை, வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. எழுப்பி உணவு கொடுத்தார். மீண்டும் உறங்க விட்டார். இரண்டாம் முறை எழுப்பியபோதுதான் செல்லவேண்டிய வழியின் நெடுமையைக் குறிப்பிட்டார். அந்த வழி அவருக்கு மிஞ்சியது என்பதை ஒத்துக்கொண்ட பின்னரே அவரை அனுப்பினார்.

நல்ல கடலை விடலாமா?

"கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் நல்ல காற்று நாளைக்கும் வீசும் என்பதற்கு உறுதி என்ன?" என்று முணுமுணுப்பவர் வினவலாம். இதனை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. பேரரசர் கான்ஸ்டன்டைன் 321-ஆம் ஆண்டில் ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கியபோது, நடுவர்களும் நகரத்தாரும் ஓயவேண்டும் என்றார். உழவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார். விதைப்புக்கும் நடவுக்கும் ஏற்ற பருவம் தவறினால் திரும்பக் கிட்டாது என்பதே காரணம். அறிவுக்கு இசைந்த காரணம்தான். ஆனால் விடுதலைப் பயண நூலின் 34-ஆம் அதிகாரம் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. உழவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும்கூட ஏழாம் நாள் ஓய்ந்திருக்கவேண்டும் என்று அது தனியே எடுத்துரைக்கிறது. நெருக்கடியான பருவத்தில்தான் பணியாளர் மிக அதிகம் பிழியப்படுகிறார். அப்போது இல்லாத ஓய்வு எப்போதும் இல்லாத ஓய்வே என்பதைச் சட்டம் தந்தவர் அறிந்திருந்தார்.

பாலைநிலத்தில் மன்னா பொழிந்த வரலாறும் இதையே காட்டுகிறது. ஆறாம் நாள் இரட்டிப்பாகக் கிடைத்தது. ஏழாம் நாள் வெளியே சென்று தேடியவர்கள் ஒன்றும் காணவில்லை. நாளைய உணவு என் கையில் மட்டும் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் நாளே ஓய்வுநாள். அது நம்பிக்கையின் செயல். கணக்குப் பார்ப்பவரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. பசித்த பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த அச்சம் நியாயமானதே. அதனால்தான் நம்பிக்கையோடு நீதியும் சேரவேண்டியிருக்கிறது.

அதே வேளையில், ஓய்வு எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் என்றும் நாம் கூறவில்லை. இயேசுவும் சீடரும் படகேறித் தேடிச் சென்ற தனிமை அவர்களுக்கு அன்று கிட்டவில்லை. மக்கள் கரைவழியே ஓடி முந்திக்கொண்டார்கள். அவர் அவர்கள்மீது பரிவுகொண்டார், கற்பித்தார், உணவளித்தார். அன்றிரவே சீடர் எதிர்க்காற்றில் தண்டு வலித்து வருந்தினார்கள் என்பதையும் மாற்கு மறைக்கவில்லை. இரக்கம் அழைக்கும்போது ஓய்வு விட்டுக்கொடுக்கலாம். பேராசை அழைக்கும்போது விட்டுக்கொடுக்கலாகாது. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்குத்தான் மனச்சான்று தரப்பட்டுள்ளது.

நம் கரையில்

நம் தென்கடற்கரையின் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்லாமை நெடுநாளைய வழக்கம். சில ஊர்களில் மீறிச் சென்றவர் ஊருக்குத் தெண்டம் கட்டவேண்டியிருந்தது. இதனை வெளியிலிருந்து நோக்குவோர் மதக்கட்டுப்பாடு என்று மட்டுமே கருதக்கூடும். ஆனால் அதனுள் ஒரு சமூக ஞானம் பொதிந்துள்ளது. பக்கத்து வள்ளம் மீனோடு திரும்பும்போது என் வள்ளம் மட்டும் கரையில் கிடக்குமானால், அந்த ஓய்வு எனக்குத் தண்டனையாகிவிடும். எல்லா வள்ளங்களும் ஒருசேரக் கரையேறிக் கிடந்தால்தான் கடன்பட்ட ஏழையும் அச்சமின்றி உறங்க முடியும். படகில் ஒருவர் தனியே ஓய முடியாததுபோலவே ஊரிலும் ஒருவர் தனியே ஓய முடியாது.

விசைப்படகுகளில் பல நாள் ஆழ்கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தொழிலுக்கு இவ்வழக்கம் எளிதில் பொருந்துவதில்லை. டீசலுக்கும் ஐஸ்கட்டிக்கும் முன்பணம் செலவாகிவிட்டது. பாடு கிடைக்காமல் திரும்பினால் பங்குக்கு வந்த தொழிலாளிக்கும் ஒன்றுமில்லை. ஆகவே உரிமையாளர் வற்புறுத்தாவிடினும் தொழிலாளியே தன் உறக்கத்தை விற்க முன்வருகிறார். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் இந்த நிலையைத் தொட்டுப் பேசினார். தகுந்த ஓய்வு என்பது ஒவ்வொரு வேலை ஒப்பந்தத்திலும், எழுதப்பட்டாலும் எழுதப்படாவிட்டாலும், அடங்கியிருக்கும் நிபந்தனை. அதைக் கைவிடுமாறு கேட்க முதலாளிக்கும் உரிமையில்லை, கைவிடுவதாக வாக்களிக்கத் தொழிலாளிக்கும் உரிமையில்லை என்பது அவர் போதனை. மனிதர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் அநீதியிலிருந்தும் அவர்களைக் காக்கவேண்டும் என்று திருச்சபை கருதியது. கடலில் தங்கித் தொழில் செய்வோர் ஞாயிறு தவறினால், கரை சேர்ந்தபின் அந்த நாள் அவர்களுக்குத் திருப்பித் தரப்படுகிறதா என்று கேட்கும் கடமை படகு உரிமையாளருக்கும் உண்டு, பங்குத்தந்தையருக்கும் உண்டு.

யார் தீ மூட்டுவது?

தண்டு ஓய்ந்த நாளிலும் ஒரு வேலை ஓய்வதில்லை. எல்லாருக்கும் பசிக்கும். கூடாரத்தில் படுத்திருப்போர் எழுந்து கேட்கும் முதற்கேள்வி, சோறு ஆயிற்றா என்பதே. அன்றும் ஒருவர் விறகு பொறுக்கவேண்டும், நீர் சுமக்கவேண்டும், பானை துலக்கவேண்டும். வாரம் முழுதும் சமைத்தவரே அன்றும் சமைப்பாராயின், அந்தக் குழு ஓய்வெடுக்கவில்லை. ஒருவர் தலையில் தன் ஓய்வை ஏற்றி வைத்திருக்கிறது.

இதை எழுதும்போது நம் இல்லங்களின் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வருகிறது. திருப்பலி முடிந்து வந்ததும் ஆண்கள் நாளிதழ் விரிப்பர். பிள்ளைகள் விளையாடப் போவர். வாரத்தில் ஒருநாள் எல்லாரும் வீட்டில் இருக்கிறார்களே என்று அன்றைக்குத்தான் இறைச்சிக் குழம்பும் கூடுதல் கறிகளும். விருந்தினர் வருவதும் அன்றே. அடுக்களையில் நிற்கும் தாய்க்கு ஏழு நாள்களில் மிகவும் கடினமான நாள் ஆண்டவருடைய நாளாக அமைந்துவிடுகிறது. இணைச் சட்டத்தின் பட்டியலில் பணிப்பெண்ணின் பெயரும், கழுதையின் பெயரும்கூட உண்டு. நம் வீட்டுப் பட்டியலில் யார் பெயர் விடுபட்டுள்ளது என்று ஒவ்வொரு குடும்பத்தலைவரும் எண்ணிப் பார்ப்பது நலம். புனித இரண்டாம் யோவான் பவுல் 1998 மே 31 அன்று வெளியிட்ட 'ஆண்டவரின் நாள்' என்னும் திருத்தூது மடலில், வாரவிடுமுறைப் பொழுதுபோக்கு வேறு, ஞாயிறு வேறு என்று பிரித்துக் காட்டினார். ஞாயிறு எளியோரோடும் நோயுற்றோரோடும் தோழமை கொள்ளும் நாளாகவேண்டும் என விரும்பினார். அந்தத் தோழமை நம் அடுக்களையிலிருந்தே தொடங்கலாம்.

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் இதற்கு முன்மாதிரி தருகிறது. திபேரியாக் கடலில் சீடர் இரவு முழுதும் பாடுபட்டும் மீன் ஒன்றும் கிடைக்கவில்லை. விடியற்காலையில் கரையில் நின்ற ஒருவர் வலையை எங்கே வீசவேண்டும் என்று சொல்கிறார், வலை நிறைகிறது. அவர்கள் கரையேறும்போது அங்கே கரிநெருப்பு மூட்டப்பட்டிருக்கிறது; அதன்மேல் மீன் இருக்கிறது; அப்பமும் இருக்கிறது. சாவை வென்று எழுந்த ஆண்டவர், இரவெல்லாம் உழைத்தவர்களுக்காகத் தாமே தீ மூட்டிக் காலையுணவு ஆக்கி வைத்திருந்தார். எவர் அதிகம் தண்டு வலித்தார் என்று அவர் கேட்கவில்லை. மூன்றுமுறை மறுதலித்த பேதுருவை அந்தப் பந்தியிலிருந்து விலக்கவும் இல்லை. பேதுருவிடம் கேட்கவேண்டியதை உண்டபின் கேட்டார். ஒப்படைக்கவேண்டிய மந்தையையும் உண்டபின்தான் ஒப்படைத்தார்.

பதினோராம் நாள் காலையில் படகை நிறுத்திய தலைவர் செய்தது சரியே என்று நாம் துணிந்து கூறலாம். அவர் களவாடியது எதுவும் இல்லை. தொலைவு சற்றுத் தள்ளிப்போயிருக்கும். ஆனால் அத்தொலைவைக் கடக்கவேண்டியவர்கள் யார் என்பதை அவர் மறக்கவில்லை. இன்னும் ஒன்று அவர் செய்யவேண்டியிருக்கிறது. மற்றவர் விழிக்கும்முன் எழுந்து, விறகு பொறுக்கி, அடுப்பு மூட்டவேண்டும். குடும்பத்திலும் பங்கிலும் தொழிலிலும் பிறரைவிடச் சற்று வலிமை பெற்றிருக்கும் நாம் ஒவ்வொருவரும் வருகின்ற ஞாயிறன்று அதைத் தொடங்கலாம்.